தட்டில் துடிக்கும் இதயச் செல்கள்: துடிப்புக் கோளாறுகளை ஆராயப் புதிதாக வருபவர்களுக்கு

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கிறீர்கள். தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் செல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்குகின்றன, தளர்கின்றன, மறுபடி சுருங்குகின்றன. நரம்பு கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது, சுற்றிலும் உடம்பு என்றே ஒன்று கிடையாது. ஆனாலும் துடிக்கின்றன. கோழிக் கருவிலிருந்து எடுத்த இதயச் செல்கள் உடலுக்கு வெளியே இப்படித் துடிப்பதை மாண்ட்ரோஸ் பர்ரோஸ் என்ற ஆய்வாளர் 1910களின் தொடக்கத்திலேயே கண்டு எழுதிவைத்தார். நூறு வருடங்களுக்கு மேல் ஆகியும், முதல் தடவை பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க மனமில்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

அந்தத் துடிப்பு ஏன் சில சமயம் தாளம் தப்புகிறது என்று ஆராய வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிருமி புகாமல் செல்களைக் கையாள்வது, எண்ணுவது, மீடியம் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் தாளம் தப்பினால் உடனே அதை நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடு, மீடியம், அடர்த்தி, வெளிச்சம் என்று நாம் செய்த ஏதோ ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒழுங்கான துடிப்பை உங்கள் கையால் திரும்பத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த பிறகே, ஒழுங்கற்ற துடிப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்ப முடியும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

‘அரித்மியாவை (துடிப்புக் கோளாறை) படிக்கப் போகிறேன்’ என்பது இன்னும் கேள்வியாகவில்லை. துடிப்பு கெடுவதற்கு அடிப்படையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, துடிப்பைத் தொடங்கும் வேலையே கெடுவது: தானாகத் துடிக்கக் கூடாத செல் துடிக்கும், அல்லது துடிக்க வேண்டிய செல் தடுமாறும். இரண்டாவது, ஒரு துடிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கிளம்புவது. ஒவ்வொரு துடிப்பிலும் செல்லின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஆக்‌ஷன் பொடென்ஷியல் என்று பெயர். ஆக்‌ஷன் பொடென்ஷியல் கீழே இறங்கி முடியும் முன்பே மின்னழுத்தம் மறுபடி எழுந்தால் அதை ஈஏடி என்போம். முழுக்க இறங்கிய பிறகு எழுந்தால் டிஏடி. பொட்டாசியம் ஓட்டம் குறைந்து ஆக்‌ஷன் பொடென்ஷியல் நீளும்போது முன்னது வரும். செல்லுக்குள் இருக்கும் சேமிப்பிலிருந்து கால்சியம் நேரம் தப்பிக் கசியும்போது பின்னது வரும். மூன்றாவது வழி, மின்னலை அணையாமல் வட்டமடித்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி சுற்றுவது. இதற்கு ரீ-என்ட்ரி என்று பெயர்.

இந்தப் பிரிவை ஏட்டுப் படிப்பு என்று தாண்டிப் போகாதீர்கள். எந்தத் தட்டு, எத்தனை செல், எந்தக் கருவி என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும். முதல் இரண்டையும் தனிச் செல்லிலேயே பார்க்கலாம். மூன்றாவதுக்கு இடைவெளியில்லாமல் பரவிய செல் விரிப்பு வேண்டும். அதுவும் போதுமான அளவில் வேண்டும். கணக்கு எளிது. அலையின் வேகத்தை, செல் மறுபடி தூண்டப்படத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தால் பெருக்கினால் அலையின் நீளம் கிடைக்கும். வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர், ஓய்வு நேரம் 0.2 நொடி என்றால் நீளம் 4 சென்டிமீட்டர். சுற்றுப்பாதை இதைவிடச் சிறியதாக இருந்தால் அலை தன் வாலிலேயே மோதி அணைந்துவிடும். 96 குழித் தட்டின் ஒரு குழி சுமார் 6 மில்லிமீட்டர் அகலம். விளிம்பை முழுதாகச் சுற்றினாலும் 2 சென்டிமீட்டர்தான். அங்கே இப்படிப்பட்ட அலை சுழலவே முடியாது. 35 மில்லிமீட்டர் தட்டில் தாராளமாகச் சுழலும். சின்னக் குழிகளில் மருந்தைப் போட்டுப் பார்த்து ‘ரீ-என்ட்ரி வரவில்லை, மருந்து பாதுகாப்பானது’ என்று எழுதினால், அது மருந்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. குழியின் அளவைப் பற்றித்தான் சொல்கிறது.

படி 2: செல்லைத் தேர்ந்தெடுங்கள்

பிறந்து ஒன்று முதல் மூன்று நாளான எலிக்குட்டிகளின் கீழறைச் செல்கள் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பவை. நன்றாக ஒட்டும், ஓரிரு நாளில் துடிக்கும், அழகான விரிப்பாகும். அலைகளைப் படிக்க இன்னும் இவை அருமையான செல்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்தெடுக்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது. தவிர, எலியின் மின்னோட்டங்கள் மனிதனுடையவை போன்றவை அல்ல. வளர்ந்த எலியின் ஆக்‌ஷன் பொடென்ஷியல் மிகக் குட்டையானது. மனித இதயத்தில் பெரிய வேலை செய்யும் ஹெர்க் பொட்டாசியம் சேனலுக்கு அங்கே சிறிய பங்குதான்.

ஹெச்எல்-1 என்பது சுண்டெலியின் மேலறைக் கட்டியிலிருந்து வந்த செல் வரிசை, 1998இல் வெளியானது. பிரிந்து பெருகிக்கொண்டே துடிக்கவும் செய்யும் என்பது இதன் சிறப்பு. மேலறைத் தாளக் கோளாறுகளுக்குப் பயன்படும். ஹெச்9சி2 என்ற செல்லும் ‘இதயச் செல்’ என்ற பெயரில் பல ஆய்வகங்களின் ஃப்ரீசரில் இருக்கும். அது துடிக்காது. தாளம் பற்றிய கேள்விக்கு அதை எடுக்க வேண்டாம்.

இப்போது பலரும் போகும் வழி மனித ஐபிஎஸ் செல்களிலிருந்து (எந்த வகைச் செல்லாகவும் மாறும்படி கருநிலைக்குத் திருப்பிய செல்கள்) உருவாக்கும் இதயச் செல்கள். ஷின்யா யமனாகாவின் குழு 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதரிலும் சாதாரணத் தோல் செல்லை மீண்டும் கருநிலைக்குத் திருப்பிக் காட்டியது. 2010, 2011 ஆண்டுகளில், பரம்பரையாக வரும் நீண்ட க்யூடி (ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும் கோளாறு) நோயாளிகளின் தோலிலிருந்து இதயச் செல்களை உருவாக்கியபோது, அவற்றின் ஆக்‌ஷன் பொடென்ஷியலும் நீண்டே இருந்தது. ஈசிஜியில் அந்த நோயாளிக்கு என்ன தெரிந்ததோ அது தட்டிலும் தெரிந்தது! இந்தத் துறைக்குள் என்னை இழுத்தது இதுதான்.

ஆனால் இந்தச் செல்கள் இளசுகள். வளர்ந்த கீழறைச் செல் தானாகத் துடிக்காது, இவை துடிக்கும். வளர்ந்த செல்லின் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 80 முதல் 90 மில்லிவோல்ட் வரை ஆழமாக இருக்கும். ஐகே1 என்ற பொட்டாசியம் ஓட்டம் குறைவாக இருப்பதால் இவற்றில் அது மேலோட்டமாக நிற்கும். அதனால் சோடியம் சேனல்களில் பல முன்கூட்டியே மூடிக்கிடக்கும். சோடியம் சேனல் கோளாறைப் படிப்பவர்கள் இதை மறந்தால் நோயின் விளைவையும் இளமையின் விளைவையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒப்பீட்டுக்கு யார்? நோயாளியின் செல்லுக்கு எதிரே யாரோ ஒரு ஆரோக்கியமானவரின் செல்லை வைப்பது போதாது. இருவருக்கும் வேறுபடும் மரபணு மாற்றங்கள் லட்சக்கணக்கில் உண்டு. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அந்த ஒரே மாற்றத்தை மட்டும் சரிசெய்த, மற்றபடி அச்சு அசலான இணைச் செல் வரிசைதான் சரியான ஒப்பீடு. வாய்ப்பிருந்தால் தலைகீழாகவும் செய்யுங்கள்: ஆரோக்கியமான செல்லில் அந்த மாற்றத்தைப் புகுத்திக் கோளாறு வருகிறதா என்று பாருங்கள்.

படி 3: வளர்த்தெடுங்கள்

எலிக்குட்டிச் செல்களில் பெரிய தொல்லை ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத்திசுச் செல்கள். இவை பெருகும், இதயத் தசைச் செல்கள் பெருகாது. நாலைந்து நாளில் தட்டை ஆக்கிரமித்துவிடும். அதனால் பிரித்தெடுத்த கலவையை முதலில் பூச்சில்லாத தட்டில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மிதப்பவற்றை மட்டும் எடுத்து ஃபைப்ரோனெக்டின் பூசிய தட்டுக்கு மாற்றுங்கள். விரிப்பு வேண்டுமென்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் செல் வரை போடலாம்.

ஐபிஎஸ் வழியில் சாரம் இதுதான்: முதல் நாள் ஜிஎஸ்கே3 தடுப்பானால் டபிள்யூஎன்டி என்ற வளர்ச்சிச் சமிக்ஞையை ஏற்றி, மூன்றாம் நாள் அதையே இன்னொரு மருந்தால் அடக்குவது. இன்சுலின் ஏழாம் நாள் வரை கிடையாது. எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் ஏதோ ஒரு மூலையில் முதல் அசைவு தெரியும். முதல் மருந்தின் அளவும் தொடங்கும்போது உள்ள செல் அடர்த்தியும் ஒவ்வொரு வரிசைக்கும் மாறும். இதை நீங்களே நாலைந்து அளவுகளில் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து ஆய்வகத்தின் எண் உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். பிறகு குளுக்கோஸ் இல்லாத, லாக்டேட் சேர்த்த மீடியத்தில் சில நாள் வைத்தால் மற்றச் செல்கள் பட்டினியில் சாகும், இதயச் செல்கள் லாக்டேட்டை எரித்துப் பிழைக்கும். எத்தனை சதவீதம் இதயச் செல் என்பதை ட்ரோபோனின் டி சாயமிட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எண்ணிக் குறித்துவையுங்கள்.

அப்புறம், அவசரப்பட வேண்டாம். பிரித்து மறுபடி போட்ட செல்கள் இரண்டு மூன்று நாளில் துடிக்கத் தொடங்கும். ஆனால் அவற்றுக்கு இடையேயான இணைப்புகள் சீராக இன்னும் நாள் ஆகும். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். அளப்பது எந்த நாள் என்று முடிவு செய்தால் (30ஆம் நாளுக்குப் பிறகு என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள்) எல்லாத் தொகுதிக்கும் அதே நாள். 30ஆம் நாள் நோயாளிச் செல்லை 45ஆம் நாள் ஒப்பீட்டுச் செல்லோடு வைத்தால் வித்தியாசம் கட்டாயம் வரும். அது வயதின் வித்தியாசம்.

மைக்கோப்ளாஸ்மா சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

படி 4: ஒழுங்கான துடிப்பைக் கொண்டுவாருங்கள்

நான் இதை எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் நோயாளிச் செல்கள் மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் துடித்தன; இணை வரிசை அழகாகத் துடித்தது. பல வாரம் அதை நம்பினேன். பிறகு பழைய குறிப்புகளைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. ஒப்பீட்டுத் தட்டுகளை எப்போதும் முதலில் பதிவு செய்திருந்தோம், நோயாளித் தட்டுகளைக் கடைசியில். அவை அதற்குள் மேடை மேல் காத்திருந்து ஆறிப்போயிருந்தன. வரிசையை மாற்றிப் போட்டோம். கோளாறும் இடம் மாறிக்கொண்டது. அந்த வாரங்களை இழந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து, எந்தத் தட்டு எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறேன்.

இன்குபேட்டரை விட்டு வெளியே வந்ததும் தட்டுக்கு இரண்டு அதிர்ச்சிகள். சூடு இறங்கும், துடிப்பு தணியும், ஆக்‌ஷன் பொடென்ஷியல் நீளும். கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். பைகார்பனேட் மீடியத்தின் பிஎச் ஏறும். இரண்டுமே நோயைப் போல வேஷம் போடும். மேடையில் 37 டிகிரி என்று கருவி காட்டினாலும், தட்டுக்குள் மெல்லிய வெப்பமானியை விட்டுப் பாருங்கள். பல டிகிரி குறைந்திருக்கலாம். கார்பன் டை ஆக்ஸைடு வாயு இல்லாமல் வேலை செய்ய வேண்டுமென்றால் ஹெபிஸ் கலந்த டைரோடு கரைசல் போதும்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5.4, கால்சியம் குளோரைடு 1.8, மக்னீசியம் குளோரைடு 1, ஹெபிஸ் 10, குளுக்கோஸ் 10, எல்லாம் மில்லிமோலாரில், பிஎச் 7.4. பொட்டாசியத்தில் கவனம். அது சிறிது மாறினாலே ஓய்வு மின்னழுத்தமும் ஹெர்க் ஓட்டமும் மாறும்.

தட்டை மேடையில் வைத்து 15 முதல் 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். அதன் பிறகு மருந்து எதுவும் இல்லாமல் சில நிமிடம் பதிவு செய்யுங்கள். துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளியை அளந்து, அதன் விலகலைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். இது எவ்வளவுக்குள் இருந்தால் தட்டைச் சோதனைக்கு எடுப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு ‘இந்தத் தட்டு சரியில்லை’ என்று நீக்குவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. அடுத்த நாளும், அடுத்த தொகுதியிலும் இதையே செய்து எண்கள் ஒத்துவரும்வரை மேலே போகாதீர்கள்.

படி 5: அளக்கும் வழி

சாதாரண வீடியோ எடுத்து அசைவைக் கணக்கிடுவது செல்லுக்கு எந்தத் தீங்கும் செய்யாது. துடிப்பின் வேகத்துக்கும் ஒழுங்குக்கும் அதுவே போதும். பல புள்ளிகளில் மின்முனை பதித்த எம்இஏ தட்டும் சாயம் கேட்காது, ஒரே தட்டை நாள் கணக்கில் தொடரலாம். ஈஏடியின் வடிவத்தை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் கண்ணாடி நுண்குழாயால் தனிச் செல்லைத் தொட்டு அளக்கும் பேட்ச் கிளாம்ப்தான். கடினமான கை வேலை, ஒரு நாளைக்குச் சில செல்கள்தான் கிடைக்கும், ஆனாலும் கடைசித் தீர்ப்பு அதனிடம்தான்.

பெரும்பாலோர் சாயங்களில்தான் தொடங்குவார்கள், சிக்கலும் அங்கேதான் அதிகம். ஃப்ளூவோ-4 போன்ற கால்சியம் சாயங்கள் பிரகாசமானவை, எளிதானவை. ஆனால் அவை காட்டுவது கால்சியத்தை, மின்னழுத்தத்தை அல்ல. கால்சியம் அலை நீண்டது என்பதால் ஆக்‌ஷன் பொடென்ஷியல் நீண்டது என்று எழுதிவிட முடியாது. டை-4-அனெப்ஸ் போன்ற மின்னழுத்தச் சாயங்கள் நேரடியானவை. ஆனால் வெளிச்சம் கூடினால் செல்லைக் காயப்படுத்தும், காயப்பட்ட செல் தாளம் தப்பும். எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்தே இல்லாமல், வழக்கமான வெளிச்சத்தில் வழக்கமான நேரம் முழுக்கப் பதிவு செய்யுங்கள். கடைசி நிமிடம் முதல் நிமிடத்தைப் போல இல்லையென்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

செல்கள் சுருங்கி அசைவதால் படம் ஆடும். பிளெப்பிஸ்டாட்டின் என்ற மருந்து சுருக்கத்தை மட்டும் நிறுத்தும், மின் துடிப்பு தொடரும். ஆனால் நீல ஒளி பட்டால் அது சிதையும், சிதைவுப் பொருள் செல்லுக்கு நஞ்சு. ஃப்ளூவோ-4க்குத் தேவையானதும் நீல ஒளிதான்! இரண்டையும் ஒன்றாகப் போடுவதைத் தவிருங்கள், அல்லது ஒளியைத் தாங்கும் அமினோ வகையை வாங்குங்கள்.

கேமராவின் வேகத்தையும் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். நொடிக்கு 20 சென்டிமீட்டர் போகும் அலை, 1 சென்டிமீட்டர் அகலத்தை 50 மில்லிநொடியில் தாண்டிவிடும். நொடிக்கு 100 படம் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தே படங்கள். அலை எங்கே திரும்பியது என்று அதில் தெரியாது. 500 இருந்தால் 25 படங்கள். அப்போது கண்ணுக்குப் பாதை தெரியும்.

படி 6: தூண்டிப் பாருங்கள்

தானாகத் துடிக்கவிட்டு அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. துடிப்பு வேகமானால் ஆக்‌ஷன் பொடென்ஷியல் தானே குறுகும். ஒரு மருந்து துடிப்பை மெதுவாக்கினாலே நீளம் கூடியதாகத் தெரியும். முழு இதயத்துக்கென்று வந்த திருத்தச் சூத்திரங்கள், ஃப்ரிடரீசியாவின் கன மூலம் உட்பட, தட்டுச் செல்லுக்கு எப்போதும் ஒத்துவராது. வெளியிலிருந்து மின் துடிப்பு கொடுத்து எல்லாத் தட்டுகளையும் 1 ஹெர்ட்ஸில் ஓட்டுவது இதைவிட நல்லது. செல்கள் தாமாக அதைவிட வேகமாகத் துடித்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். மின்முனை பிளாட்டினமாகவோ கார்பனாகவோ இருக்கட்டும். செல் பதில் சொல்லத் தொடங்கும் குறைந்த அளவைக் கண்டுபிடித்து அதைப்போல ஒன்றரை மடங்கு கொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ரீ-என்ட்ரி தேடுபவர்கள் பத்துச் சீரான துடிப்புக்குப் பின் ஒன்றைச் சீக்கிரமாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் சீக்கிரமாக்கிக்கொண்டே போங்கள். முன் அலையின் வாலில் பாதி இடம் தயாராகவும் பாதி தயாராகாமலும் இருக்கும் தருணத்தில் புது அலை உடைந்து சுருளும். விரிப்பில் ஓட்டை இருந்தாலும், செல்களிடையே இணைப்பு பலவீனமானாலும் அலை உடையும். கோழிக் கருச் செல் விரிப்பில் சுழல்கள் தாமாகக் கிளம்பிக் கொஞ்ச நேரம் சுழன்று அடங்குவதை கில் பப், லியோன் கிளாஸ், ஆல்வின் ஷ்ரியர் ஆகியோரின் குழு 1998இல் காட்டியது. ஆகவே சுழலைப் பார்த்ததும் மகிழ்ந்துபோகாமல், அந்த இடத்தில் செல் இருக்கிறதா என்று சாதாரண ஒளியில் பாருங்கள்.

மருந்தில் முதலில் போட வேண்டியது விடை தெரிந்த மருந்து. இ-4031 ஹெர்க் சேனலை மட்டும் குறிவைத்துத் தடுக்கும். மனிதச் செல்லில் 100 நானோமோலார் அளவில் ஆக்‌ஷன் பொடென்ஷியலின் நீளம் கூட வேண்டும், சிலவற்றில் ஈஏடியும் வரும். ஐசோபுரோட்டரினால் என்ற மருந்து துடிப்பை வேகமாக்க வேண்டும். அது காற்றிலும் ஒளியிலும் கெட்டுப்போகும், அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். கரைப்பானை மட்டும் போட்ட தட்டும் கூடவே இருக்கட்டும், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

ஹெர்க் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின், நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடு, இரண்டும் அந்தச் சேனலை அடைத்து ஆபத்தான துடிப்புக் கோளாறுகளைக் கொண்டுவந்ததால்தான் சந்தையிலிருந்து போயின. ஆனால் வெராபமிலும் ஹெர்க்கை அடைக்கும். கூடவே கால்சியம் சேனலையும் அடைப்பதால் அந்த ஆபத்து பெரும்பாலும் வருவதில்லை. ஒரே சேனலைச் சோதித்தால் இந்த இரண்டு வகையும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாச் சேனலும் சேர்ந்து வேலை செய்யும் முழுச் செல்லில்தான் வேறுபாடு வெளிப்படும். நம் தட்டின் பலம் இதுதான்.

‘மருந்து கூடுதல் துடிப்புகளை நிறுத்தியது’ என்ற முடிவு வந்தால் காஸ்ட் என்ற மருத்துவச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு என்கைனைடு, ஃப்ளெகைனைடு கொடுத்தார்கள். கூடுதல் துடிப்புகள் அடங்கின. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே மரணம் அதிகமாக இருந்தது 1989இல் தெரியவந்தது. மருந்து தந்த பிறகு அலையின் வேகம் என்ன, ஓய்வு நேரம் என்ன, வேகமாகத் தூண்டினால் சுழல் வருகிறதா என்று மூன்றையும் பார்க்காமல் நல்ல செய்தியை எழுதாதீர்கள்.

படி 7: எண்ணும்போது நேர்மை

ஒரு தட்டில் 60 செல்லை அளந்தால் உங்கள் எண்ணிக்கை 60 இல்லை. ஒரே நாளில் ஒரே கலவையிலிருந்து வந்தவை ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். தனித்தனியாக உருவாக்கிய தொகுதிகளின் எண்ணிக்கையே உண்மையான எண்ணிக்கை. குறைந்தது மூன்று வேண்டும், முடிந்தால் இரண்டு வெவ்வேறு நோயாளி வரிசைகளிலிருந்து. எந்தக் கோப்பு எந்தத் தட்டு என்று தெரியாத ஒருவர் துடிப்புகளைக் குறிக்கட்டும். மென்பொருளை நம்பும் முன், முதல் இருபது பதிவுகளை நீங்களே கண்ணால் குறித்து ஒப்பிடுங்கள். சத்தம் மிகுந்த பதிவில் மென்பொருள் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணும், அது அப்படியே அரித்மியாவாகக் கணக்கில் ஏறும்.

முதல் மாதத்துக்கு நான் சொல்லும் திட்டம் இவ்வளவுதான்: ஆரோக்கியமான ஒரு வரிசை, 1 ஹெர்ட்ஸ் தூண்டல், கரைப்பான், இ-4031, ஐசோபுரோட்டரினால். தனித்தனி மூன்று தொகுதிகளில் இ-4031 நீளத்தைக் கூட்டி, கரைப்பான் எதையும் மாற்றாமல் இருந்தால், நோயாளிச் செல்களின் குப்பியை நைட்ரஜனிலிருந்து எடுங்கள்.